ஓட்டை விழாத முனை

துளைமுனை ஆய்வு நிலையத்தில் துளை போடக் கூடாது. கேலிக்காக யாரோ கட்டிவிட்ட கதையல்ல இது. சோதனைக் கூடத்து வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். சோதனைக்கென்று வாங்கிய எஃகுக் கட்டிகள் நிலையத்தின் சொத்து. சொத்தில் ஓட்டை விழுந்தால் எடை குறையும். எடை குறைந்தால் தணிக்கைக்கு வருகிறவர், மீதி எங்கே போச்சு என்று கேட்பார். இரும்புச் சீவலாக உதிர்ந்து போச்சு என்று சொன்னால் நம்புகிற முகம் இல்லை அவருடையது. ஆகவே கட்டிகள் வாங்கிய நாளில் எப்படி வழவழவென்று இருந்தனவோ அப்படியே, எண்ணெய் பூசி, துணி போர்த்தி, தேறி வரும் நோயாளிகளைப் போலப் படுக்க வைக்கப்பட்டிருந்தன.

அப்படியானால் முனையை எப்படித்தான் சோதிப்பது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் கேட்பார்கள். சம்பளம் இரண்டு முறை வாங்கிய பிறகு கேட்பதை விட்டுவிடுவார்கள்.

இரும்பைக் குடைகிற துளைமுனைக்கு, பட்டறை மொழியில் பிட்டுக்கு, இரண்டு தலைவலி உண்டு. ஒன்று, சூடு, உரசி உரசி முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். இன்னொன்று, சீவல், குடைந்தெடுத்த இரும்பு சுருள் சுருளாக வெளியே வந்தாக வேண்டும், உள்ளேயே அடைத்துக்கொண்டால் பிட்டு பட்டென்று முறியும். பிட்டின் உடம்பைச் சுற்றி ஏறும் திருகுப் பள்ளம் இதற்காகத்தான். குளிர்விக்கும் தண்ணீர் அதன் வழியே கீழே இறங்க வேண்டும், சீவல் அதன் வழியே மேலே ஏற வேண்டும். ஒரே படிக்கட்டு, இரண்டு கூட்டம்.

நிலையம் இந்த உண்மையை ஆழ்ந்து ஆராய்ந்து இரண்டு பிரிவுகளை ஏற்படுத்தியது. குளிர்ச்சிப் பிரிவு, சீவல் பிரிவு. ஏற்படுத்திய கையோடு பள்ளம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை ஆரம்பமாகிவிட்டது. இறங்குகிறவர்களுக்கே முதல் உரிமை என்றார் குளிர்ச்சித் தலைவர். வெளியேறுகிறவர்களுக்கு வழிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும், பேருந்தில் ஏறினதே இல்லையா என்றார் சீவல் தலைவர். இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. கடைசியில் இயக்குநர் தலையிட்டுச் சமரசம் செய்தார். காலை முழுவதும் பள்ளம் சீவல் பிரிவுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு குளிர்ச்சிப் பிரிவுக்கு. அன்றிலிருந்து காலையில் வரைகிற படங்களில் தண்ணீர் இருக்காது, மாலையில் வரைகிற படங்களில் சீவல் இருக்காது. நிலையத்தில் அமைதி நிலவியது.

இந்த அமைதியின் நடுவே வயிறு எரிந்துகொண்டிருந்த ஒரே ஆள் பெரிய மாப்பிள்ளை. அவர் வேலை பார்த்தது குளிர்ச்சிப் பிரிவில்.

பெரிய மாப்பிள்ளையும், சீவல் பிரிவிலிருந்த சின்ன மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள். அக்காளைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். மாமனார் எப்போதோ நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெரிய மாப்பிள்ளை இருக்காரா என்று விசாரித்தாலும் விசாரித்தார், காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இருவரில் 'பெரிய' என்ற ஒட்டு பெரியவருக்கு ஆறுதலாக இருந்ததே தவிர உண்மையாக இருந்ததில்லை. சின்ன மாப்பிள்ளைக்குத் தலை நிறைய முடி. அவர் வண்டி ஒரே உதையில் கிளம்பும். மாமியார் வீட்டில் அவர் சொல்கிற அரைகுறை நகைச்சுவைக்கெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதே நகைச்சுவையை அடுத்த மாதம் பெரிய மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். மாமனார் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இப்போது 'முனைத் தலைவர்' என்று ஒரு பதவி வந்து தொலைத்தது. இரண்டு பிரிவுக்கும் மேலே, இயக்குநருக்கு மட்டும் கீழே. பதவியோடு தனி அறை, அறைக்கு இரும்புக் கதவு. இயக்குநரைத் தவிர நிலையத்தில் மற்றவர்கள் எல்லோரும் இடுப்புயர மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் கொட்டாவியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ச்சியும் சீவலும் இரண்டும் சிறக்கும் ஒரு முனையை யார் வடிவமைக்கிறாரோ அவருக்கே பதவி என்று அறிவித்தார் இயக்குநர்.

அறிவிப்பு வந்த அன்றே சின்ன மாப்பிள்ளை டீ டம்ளரோடு வந்து மறைப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சகலை, நீங்க தண்ணிய பாக்குறீங்க, நான் சீவல பாக்குறேன். ரெண்டும் ஒரே பள்ளந்தானே. சேந்து செஞ்சா என்ன? சீவலு நீளமா சுருண்டு வர்றதாலதான் தண்ணிக்கு வழியில்ல. பிட்டு நுனில வெட்டுற ஓரம் இருக்குல்ல, அந்த உதட்டுலயே சின்னச் சின்னதா வெட்டு விட்டா அது பொடிப்பொடியா ஒடஞ்சிரும். உங்க தண்ணி ஜம்முனு எறங்கும்."

"அறைய யாரு வச்சுக்கறது?" என்று கேட்டார் பெரிய மாப்பிள்ளை.

"காலைல நான், மத்தியானம் நீங்க" என்று சொல்லிச் சிரித்தார் சின்னவர்.

பெரிய மாப்பிள்ளை சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று மாலையே தனியாக வேலையைத் தொடங்கினார். தண்ணீர் தாராளமாக இறங்கட்டும் என்று பள்ளத்தை அகலப்படுத்தினார். இன்னும் அகலப்படுத்தினார். முடிவில் பள்ளம் அதிகமாகவும் பிட்டு குறைவாகவும் ஆனது. எதற்கும் இருக்கட்டும் என்று ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், வாடகைக்கு எந்திரம் பிடித்து, யாருக்கும் தெரியாமல் ஒரு இரும்புத் துண்டில் இறக்கிப் பார்த்தார். நிலைய ஊழியர் ஒருவர் உண்மையாகவே ஓட்டை போட்டது அதுவே முதல் முறையாக இருக்கலாம். பிட்டு கொஞ்ச தூரம் இறங்கியது, சீவல் நீளமான சடையாகப் பின்னிக்கொண்டது, புகை வந்தது. முறிவதற்குள் வெளியே இழுத்துவிட்டார். முனையில் நீலம் பாய்ந்திருந்தது. தீட்டிச் சரிசெய்து, பளபளவென்று துடைத்து, பஞ்சில் பொதிந்து வைத்துக்கொண்டார். நிலையத்தில் ஓட்டையா போடப் போகிறார்கள்?

சோதனை நாள் வந்தது.

சோதனை எந்திரத்தில் திறப்பு விழா நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்து வைத்த பெரிய மனிதர் நாடாவை வெட்டினாரே தவிர அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும் அதிகாரம் யாருக்கென்று யாருக்கும் தெரியவில்லை. எந்திரத்தின் நெற்றியில் இயக்குநர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. எதிரே நாற்காலிகள் போட்டு, பிஸ்கட் தட்டு வைத்து, எல்லோரும் கூடியிருந்தார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார். "உலகத்தில் எத்தனையோ துளைமுனை நிலையங்கள் இருக்கலாம். அங்கெல்லாம் போய்ப் பாருங்கள், தரையெல்லாம் இரும்புப் பொடி, கட்டியெல்லாம் பொத்தல். நம் நிலையம் தொடங்கி இத்தனை காலத்தில் ஒரு ஓட்டைகூட விழவில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன். துளை போடுவது எளிது, தெருவில் போகிறவனும் போடுவான். துளையைப் பற்றிச் சிந்திப்பதற்குத்தான் நம்மைப் போன்றவர்கள் தேவைப்படுகிறோம்." கைதட்டல் கேட்டது. தட்டியவர்களில் பெரிய மாப்பிள்ளையும் உண்டு.

சோதனை முறை இதுதான். எஃகுக் கட்டியின் மேல் வெள்ளைத் துணி விரிப்பார்கள். நடுவில் சின்ன வட்டமாகத் துணி வெட்டப்பட்டிருக்கும். பிட்டைச் சுழல விட்டு, கட்டியை முனை தொட்டும் தொடாமலும் நிற்கும்படி இறக்குவார்கள். இதற்கு 'மரியாதையான அழுத்தம்' என்று பெயர். மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். மணி அடித்ததும் நிறுத்துவார்கள். குளிர்ச்சித் தலைவர் சுண்டுவிரலால் பிட்டைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்கும்போது முகத்தில் அமைதி தெரிந்தால் குளிர்ச்சியில் தேர்ச்சி. சீவல் தலைவர் பூதக்கண்ணாடியால் துணியையும் பள்ளத்தையும் மேய்வார். சீவல் தங்கவில்லையென்றால் சீவலகற்றலில் தேர்ச்சி. உண்டாகாத சீவல் எப்படித் தங்கும் என்று யாரும் கேட்டதில்லை.

முதலில் சின்ன மாப்பிள்ளையின் பிட்டு. அதன் உதட்டில் எலி கடித்தது போலச் சின்னச் சின்ன வெட்டுகள். சுழன்றது, தண்ணீர் கொட்டியது, மணி அடித்தது. குளிர்ச்சித் தலைவர் கண்ணைத் திறந்தபோது மலையுச்சிக்குப் போய்வந்தவர் போலிருந்தார். பூதக்கண்ணாடிக்கு ஒன்றுமே அகப்படவில்லை.

அடுத்தது பெரிய மாப்பிள்ளையுடையது. இதுவும் குளிர்ந்தே இருந்தது. ஆனால் பூதக்கண்ணாடி பள்ளத்தின் நடுவில் நின்றுவிட்டது. சீவல் தலைவர் ஊசியால் எதையோ கிளறி எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்தார். மயிரிழை போல ஒரு இரும்புச் சுருள். பட்டறையில் துடைத்தபோது தப்பியது.



"இந்த முனை சீவலை உற்பத்தி செய்கிறது" என்றார் சீவல் தலைவர், ஏதோ தொற்றுநோயைக் கண்டுபிடித்த குரலில்.

இயக்குநர் கட்டியை அவசரமாகத் துடைக்கச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. சின்ன மாப்பிள்ளையின் முனை வென்றதாக அறிவித்தார். பதவியேற்பு அடுத்த மாதம். அதுவரை முனை வரவேற்பறையில், வெல்வெட் மெத்தையில், கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு இருக்கும்.

பெரிய மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. மனைவி கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "தங்கச்சி போன் பண்ணினா" என்றாள்.

"என்னவாம்?"

"அவருக்குக் கதவு வச்ச ரூமாமே. கதவுக்குப் பூட்டும் உண்டாம்."

"பூட்டுக்கு என்ன இப்போ? நம்ம வீட்டுலகூடத்தான் பூட்டு இருக்கு."

"அதையேதான் நானும் சொன்னேன்" என்றாள் மனைவி. "அவ சிரிச்சா."

அந்தச் சிரிப்பு பெரிய மாப்பிள்ளையின் காதில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டார், கடந்த பிறகு திரும்பிப் பார்த்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் போன பிறகு, சோதனை எந்திரத்தின் முன்னால் போய் நின்றார். இந்த எந்திரம்தானே தன் குடியைக் கெடுத்தது என்று அதை மேலும் கீழும் முறைத்தார். அப்போதுதான் பித்தளைத் தகட்டின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அது ஒரு அம்புக்குறியின் மூக்கு. எந்திரம் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று செய்தவர்கள் வரைந்து அனுப்பிய குறி. அதன் மேலேயே இயக்குநர் பெயரை அறைந்திருக்கிறார்கள்.

பெரிய மாப்பிள்ளை விசையைத் தட்டினார். எந்திரம் அம்புக்கு எதிர்த்திசையில் சுழன்றது.

இணைப்புக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். திறப்பு விழாவிலிருந்து இன்றுவரை எந்திரம் தலைகீழாகத்தான் சுற்றுகிறது. தலைகீழாகச் சுற்றுகிற பிட்டு சீவாது, குடையாது, தடவிக்கொடுக்கும். இந்த நிலையத்தில் அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் நேராகச் சுற்றியிருந்தாலும் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

பெரிய மாப்பிள்ளையின் மனதில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியென்றால் சகலையின் முனை இதுவரை எதையும் குடைந்ததே இல்லை. வெறும் எலி கடித்த பிட்டு. அதை நிரூபித்துவிட்டால் போதும். வரவேற்பறைக்குப் போய், குளிர்ச்சி மறுபார்வைக்கு வேண்டும் என்று காவலாளியிடம் கம்பீரமாகச் சொல்லிக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்க வைத்து, பிட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேகு வேகென்று ரயில் பாதையைத் தாண்டினார்.

பட்டறைக்காரர் வேறு வேலையில் இருந்தார். எந்திரத்தைக் கையால் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பெரிய மாப்பிள்ளை ஒரு முரட்டு எஃகுத் துண்டைத் தேர்ந்தெடுத்து இறுக்கினார். இதில் முறியாவிட்டால் வேறு எதில் முறியும்? தண்ணீரைத் திறந்துவிட்டுக் கைப்பிடியை அழுத்தினார். பிட்டு வாழைப்பழத்தில் ஊசியாக இறங்கியது. சீவல் சடை பின்னவில்லை. அரிசி அரிசியாக உடைந்து, பள்ளத்தில் ஏறி, தண்ணீருக்கு ஒதுங்கி வழிவிட்டு, வெளியே உதிர்ந்தது. மறுபுறம் முனை எட்டிப் பார்த்தது. புகை இல்லை, கிறீச்சென்ற சத்தம் இல்லை. நிறுத்தித் தொட்டுப் பார்த்தார். பிட்டு சில்லென்றிருந்தது.

அவர் அந்த ஓட்டையைக் கண்ணருகே வைத்து அதன் வழியே பார்த்தார். அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒழுங்கான வட்டமாகத் தெரிந்தது. ஒரு பிசிறு இல்லை. சகலை குறுக்கு வழியில் ஜெயித்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பார். இது நிஜமாகவே நல்ல முனை. தான் எத்தனை பிறவி எடுத்தாலும் செய்திருக்க முடியாத முனை. அதுவும் சேர்ந்து செய்யலாம் என்று வந்து கேட்ட முனை. எஃகுத் துண்டைக் குப்பைக் கூடையில் போட்டார். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று மறுபடி எடுத்து, இருப்பதிலேயே அடியில் புதைத்தார்.

நிலையத்துக்குத் திரும்பி நடக்கையில், பாதி வழியில், அவருக்கு அந்த யோசனை வந்தது. நடையை நிறுத்தவைத்த யோசனை. எந்திரம் தலைகீழாகச் சுற்றுகிறவரை சகலைக்கு ஆபத்தில்லை. எந்திரத்தை நேராக்கிவிட்டால்? சகலையின் முனை ஓட்டை போடும். அருமையாகப் போடும். சொத்தில் போடும், இயக்குநர் கண் முன்னால் போடும். அதோடு கதை முடிந்தது. சகலையைக் கவிழ்க்கப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, உண்மையைச் சொன்னால் போதும். வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய மாப்பிள்ளைக்கு உண்மையின் மேல் ஒரு பிடிப்பு உண்டானது.

பிட்டைத் துடைத்து, ஊசியால் கிளறி, மறுபடி துடைத்து, வெல்வெட் மெத்தையில் வைத்துவிட்டு நேராக இயக்குநரிடம் போனார். இயக்குநர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. திறப்பு விழாவன்று எந்தப் பக்கம் சுழன்றதோ அதுதான் அதிகாரப்பூர்வமான திசை, அம்புக்குறி வெறும் பெயிண்டு என்றார். பெரிய மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கென்ன ஐயா வந்தது. அம்புக்கு மேல உங்க பேரு இருக்கு. அம்பு ஒரு பக்கம் காட்டுது, எந்திரம் இன்னொரு பக்கம் சுத்துது. வெளியாளு யாராவது பாத்தா, இயக்குநர் தலைகீழா சுத்துறார்னு பேசுவாங்க. நம்ம காதால அதக் கேக்கணுமா?"

இயக்குநர் எலெக்ட்ரீஷியனை உடனே வரச் சொன்னார்.

திசை திருத்த விழா என்று அதற்குப் பெயர் வைத்து, மறுபடி நாற்காலி போட்டு, மறுபடி பிஸ்கட் வாங்கினார்கள். வென்ற முனையே முதலில் புதுத் திசையில் சுழல வேண்டுமென்று பெரிய மாப்பிள்ளை முன்மொழிந்தார். சகலையின் பெருந்தன்மையைப் பார்த்துச் சின்ன மாப்பிள்ளையின் கண் கலங்கியது. எந்திரம் சுழன்றது. மரியாதையான அழுத்தத்துக்கென்று நியமிக்கப்பட்டிருந்த உதவியாளர், வழக்கம்போல் கைப்பிடியின் மேல் கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவையைப் பார்த்து நின்றார். இத்தனை காலமும் அந்தக் கை சாய்ந்தபோது பிட்டு எங்கும் போனதில்லை. இந்த முறை போனது. வெள்ளைத் துணியின் மேல் அரிசி அரிசியாக இரும்பு உதிர்ந்தது. உதவியாளர் திடுக்கிட்டுக் கையை எடுப்பதற்குள், கட்டியின் வயிற்றில் பாதி தூரத்துக்கு ஓட்டை.

குளிர்ச்சித் தலைவர் நாற்காலியின் மேல் ஏறிவிட்டார். சீவல் தலைவர் வாழ்க்கையில் இத்தனை சீவலை மொத்தமாகப் பார்த்ததில்லை, தண்ணீர் கேட்டார். எந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன மாப்பிள்ளை ஒருவர் மட்டும் துணியின் அருகே குந்தி உட்கார்ந்து, உதிர்ந்ததை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டிருந்தார். தன் முனை வேலை செய்து அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை. நிமிர்ந்து பெரிய மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"பாத்தீங்களா சகலை, சொன்னேன்ல, குட்டி குட்டியா ஒடயுது. தொட்டுப் பாருங்க, சூடே இல்ல. நீங்க மட்டும் எந்திரத்த சரி பண்ணலைன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

பெரிய மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், அழுவார், குறைந்தது முறைப்பார் என்று என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தார். நன்றி அந்தப் பட்டியலில் இல்லை. தலையை ஆட்டிவைத்தார்.

இயக்குநர் மறுபடி பேச எழுந்தார். "குளிர்ச்சி வேண்டுமென்றோம், இருந்தது. சீவல் அகல வேண்டுமென்றோம், அகன்றது. அதற்காக ஓட்டை போடச் சொன்னோமா? நம்பித்தானே கட்டியைக் கொடுத்தோம்? நாளை தணிக்கைக்கு வருகிறவர் இந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? இந்த முனையிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். உனக்குச் சோறு போட்ட நிலையத்தையா குடைந்தாய்?" எல்லோரும் முனையைப் பார்த்தார்கள். முனை ஒன்றும் சொல்லவில்லை.

சீவலை ஒன்றுவிடாமல் பொறுக்கி, அதே ஓட்டையில் திணித்து, மெழுகு பூசி, மேலே எண்ணெய் தடவி, கட்டியைத் துணி போர்த்திப் படுக்க வைத்தார்கள். சின்ன மாப்பிள்ளை பெற்ற வெற்றி ரத்தானது. நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, உதட்டிலுள்ள வெட்டுகளை அடைத்துக் கொண்டுவந்தால் மறுபடி பரிசீலிக்கலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அன்றே வேலையை விட்டுவிட்டுப் போனார். போகும்போது முகத்தில் வருத்தமே இல்லை என்பதைப் பெரிய மாப்பிள்ளை கவனித்தார். அது வேறு உறுத்தியது.

மறுவாரம் பெரிய மாப்பிள்ளை தன் புதிய முனையைச் சமர்ப்பித்தார். அதில் உதடு இல்லை, கூர் இல்லை, பள்ளம்கூட வெளியே தெரியும் அளவுக்குத்தான் இருந்தது. நுனியைக் கூழாங்கல் போல மொழுமொழுவென்று உருட்டித் தேய்த்திருந்தார். எந்திரம் நேராகச் சுழன்றது, உதவியாளர் பயந்து பயந்து அழுத்தினார், பிறகு தைரியம் வந்து தொங்கியே பார்த்தார். கட்டியில் மூச்சுக் காற்றின் தடம்கூடப் படவில்லை. குளிர்ச்சித் தலைவர் கண்ணைத் திறக்கவே மனமில்லாமல் இருந்தார். சீவல் தலைவர் பூதக்கண்ணாடியை உறையில் போட்டுவிட்டு, இனி எனக்கு வேலையில்லை என்று நெகிழ்ந்தார். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓட்டை விழாத முனை என்று இயக்குநர் அதைக் கட்டித் தழுவாத குறைதான்.

பெரிய மாப்பிள்ளை முனைத் தலைவரானார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தார். இரும்புக் கதவு கனமாக, கௌரவமாகச் சாத்திக்கொண்டது. அன்று வீட்டில் மனைவியிடம், தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னியா என்று கேட்டார்.

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சந்தோஷம்னா. சின்ன மாப்பிள்ளைக்குப் பேசக்கூட நேரமில்லையாம். ஏதோ பட்டறைல கூட்டு சேந்து பிட்டு போடுறாராம். போட்டு மாளலயாம், அப்பிடிப் போகுதாம்."

"பொய்யி" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"இருக்கும்" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

பெயர்ப் பலகை செய்து வந்தது. பித்தளை, கொட்டை எழுத்து. அதைக் கதவில் பொருத்த வெளியிலிருந்து ஃபிட்டர் ஒருவர் வந்தார். கதவு சோதனைக் கட்டி அல்ல என்பதால் ஓட்டைக்கு விசேஷ அனுமதி கிடைத்திருந்தது. நிலையத்தின் முனையாலேயே அந்த ஓட்டை விழ வேண்டுமென்று இயக்குநர் ஆசைப்பட்டார். ஃபிட்டர் பெரிய மாப்பிள்ளையின் முனையைக் கை எந்திரத்தில் மாட்டி, கதவில் வைத்து அழுத்தினார். காலை ஊன்றி அழுத்தினார். நிறுத்திவிட்டு நுனியைத் தடவிப் பார்த்தார்.

"சார், இது எதுக்கு ஆவுற பிட்டு?"

"ஆராய்ச்சிக்கு" என்றார் பெரிய மாப்பிள்ளை.

ஃபிட்டர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். ஒரு அழுத்து. அரிசி அரிசியாக உதிர்ந்தது. ஓட்டை முடிந்து, திருகும் ஏறிவிட்டது. பெரிய மாப்பிள்ளை குனிந்து பார்க்காமலே அது என்ன பிட்டு என்று தெரிந்துகொண்டார்.

"இப்ப மார்க்கெட்ல இதான் சார். எங்க ஆளுங்க வேற எதையும் தொடறதே இல்ல. பாருங்க, சூடே ஆவாது" என்று ஃபிட்டர் பிட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். அது சில்லென்றுதான் இருந்தது. பெரிய மாப்பிள்ளை சுட்டதுபோல் கையை உதறினார்.

"போதும், நிறுத்துங்க."

"இன்னும் ஒரு ஓட்ட பாக்கி சார். ஒத்தத் திருகுல நிக்காது, கோணிக்கும்."

"கோணட்டும்."

ஃபிட்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டு போனார். பலகை ஒற்றைத் திருகில் மெல்லச் சரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அன்று முழுவதும் அவரைப் பார்க்க வந்தவர்கள் கழுத்தைச் சாய்த்துத்தான் பெயரைப் படிக்க வேண்டியிருந்தது. குளிர்ச்சித் தலைவர் படித்தார். சீவல் தலைவரும் படித்தார். இருவரும் நெடுநாளைக்குப் பிறகு ஒருவரோடொருவர் தனியாகப் பேசிக்கொண்டார்கள். இவனுக்கு மட்டும் எப்படி, பலகையைச் சாய்த்துக்கொள்ள யாரிடம் அனுமதி வாங்கினான் என்பதுதான் பேச்சு. மறுநாள் காலையில் இருவருடைய மறைப்பிலும் பெயர்ப் பலகைகள் ஒரு திருகு கழற்றப்பட்டுச் சாய்ந்திருந்தன. வார முடிவில் கணக்குப் பிரிவு சாய்ந்தது, அதற்கடுத்து காவலாளியின் பலகை. பெரிய மாப்பிள்ளை தாழ்வாரத்தில் நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோரும் தன்னைப் பார்த்துப் பொருமுகிறார்கள் என்று தெரிந்ததும் பிட்டைத் தொட்ட கையின் எரிச்சல்கூடக் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. கடைசி அறை இயக்குநருடையது. அவர் பலகையும் சாய்ந்திருந்தது.

பெரிய மாப்பிள்ளை கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்த்தார். தன்னுடையதைவிட அதன் சாய்வு அதிகம்.